முப்பது பயம் வேண்டாம், ஒரு பயத்தை முப்பது முறை

கேள்வி: எனக்கு 33 வயது. வீடு திருப்பாப்புலியூரில், வேலை புதுச்சேரியில். ஸ்கூட்டரில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது சில நாள் வேலைக்குப் போகவில்லை. அதன்பிறகு ஒருநாள் பாலத்தின் மேல் போகும்போது நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, மயங்கி வண்டியோடு ஆற்றில் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. அன்றிலிருந்து பஸ்தான். "பயமா இருந்தா விடும்மா, நானே கொண்டுபோய் விடறேன்" என்கிறார் கணவர். பயத்தைப் போக்குவதற்காக "முப்பது நாளில் முப்பது பயம்" என்று எனக்கு நானே ஒரு சவால் வைத்துக்கொண்டேன். முதல் நாள் தெருநாய் பக்கத்தில் போய் பிஸ்கட் போட்டேன். மறுநாள் மொட்டைமாடி கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் தேவனாம்பட்டினம் கடலில் இடுப்பளவு இறங்கினேன். நான்காம் நாள் பாலம். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பிவிட்டேன். இப்போது பஸ்ஸில் போனால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறேன். சவாலைத் தொடரவா, விடவா? இன்னொன்று, ஊசி, ரத்தம் என்றால் சின்ன வயதிலிருந்தே மயங்கி விழுவேன். அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தோழி தன்னிடம் இருக்கும் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். போடலாமா?
– வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சவாலை விடுங்கள். பாலத்தை விடாதீர்கள். மாத்திரை வேண்டாம்.

பயந்த விஷயத்தை வேண்டுமென்றே செய்து பார்ப்பது நல்ல வழிதான். உளவியலில் நூறாண்டுப் பழக்கம் அது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு என்ன செய்தார் என்பதை எழுதி வெளியிட்டார். பையன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டுக்குள் முயலை அறையின் தள்ளியிருக்கும் மூலையில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தொட்டு விளையாடினான். கவனியுங்கள்: ஒரு முயல், பல நாள். உங்கள் சவாலில் நேர்மாறாக, பல முயல், ஆளுக்கு ஒரு நாள். ஒரு தடவை செய்ததை மனம் "ஏதோ தப்பித்தோம்" என்ற கணக்கில்தான் எழுதும். நாய்க்கு பிஸ்கட் போட்ட தைரியம் பாலத்துக்கு வந்து சேராது.

நான்காம் நாள் ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பது முக்கியம். பயம் உச்சத்தில் இருந்த நொடியில் நீங்கள் திரும்பினீர்கள். திரும்பியதும் படபடப்பு இறங்கியது. அந்த நிம்மதியே உங்களுக்குப் பரிசு. "திரும்பியதால்தான் உயிர் தப்பியது" என்று மூளை பாடம் படித்துக்கொண்டது. பஸ்ஸில் கண்ணை மூடுவதும் அதே பாடத்தின் அடுத்த பக்கம். உங்களுக்குத் தைரியம் போதாமல் போனது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். முயற்சியை அமைத்த விதம் சரியில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பாலத்தில் "மயங்கி விழுவேன்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஊசியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு உண்மையாகவே மயங்கி விழுந்த அனுபவம் இருக்கிறது. அதனால் உடம்பு படபடத்தாலே "இதோ மயக்கம்" என்று மனம் முடிவுகட்டுகிறது. ஆனால் இரண்டும் உடம்பில் வேறு வேறு. பாலம், நாய், உயரம், கூட்டம் போன்ற பயங்களில் அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மயக்கம் வர வேண்டுமானால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். ஊசி, ரத்தம், காயம் ஆகியவற்றைக் கண்டு வரும் பயத்தில்தான் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சரிந்து, ஆள் விழுகிறார். பாலத்தில் வரும் தலைச்சுற்றலும் விரல் மரத்துப்போவதும் பெரும்பாலும் வேகமாக மூச்சு வாங்குவதால் வருபவை. ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் அப்படி ஆகும். எரிச்சலாக இருக்கும், ஆனால் பொதுவாக விழவைக்காது.

இதை நான் சொல்வதை மட்டும் நம்பி வண்டி எடுக்க வேண்டாம். முதலில் ஒரு பொது மருத்துவரிடம் போய், ஊசியோ ரத்தமோ சம்பந்தப்படாமல் எப்போதாவது மயங்கியிருக்கிறீர்களா என்பதைச் சொல்லுங்கள். ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்ப்பார்கள். ரத்தசோகையும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் இதே படபடப்பைத் தரும். அவர் "வண்டி ஓட்டலாம்" என்று சொன்ன பிறகுதான் கீழே எழுதியிருக்கும் ஸ்கூட்டர் பயிற்சி. வெள்ளக் காட்சிகள் கனவில் திரும்பத் திரும்ப வருவது, பகலிலும் கண்முன் ஓடுவது, திடுக்கிட்டு எழுவது போன்றவை மாதக்கணக்கில் இருந்தால் அது வேறு பிரச்சினை. அதற்குத் தனியாக சிகிச்சை உண்டு, வீட்டில் தனியாக முயல வேண்டாம்.

ஸ்கூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் செய்ய வேண்டியது: படபடப்பை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை, நடுவே உட்காராமல், தண்ணீர் குடிக்காமல். "மயங்குவேனா?" என்று ஒவ்வொரு தடவையும் உங்களையே கேட்டு, பதிலை எழுதிவையுங்கள். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா, கழுத்துப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பகுதியைச் செய்யக் கூடாது.

இனி பாலம். ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் இரண்டு வரி: என்ன ஆகும் என்று நினைக்கிறேன், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன். முடிந்ததும் இரண்டு வரி: என்ன ஆனது, இப்போது எத்தனை சதவீதம். "பயமாக இருக்கும்" என்று எழுதினால் உபயோகமில்லை, ஏனென்றால் பயமாகத்தான் இருக்கும், அது பலித்துவிடும். "நடுப்பாலத்தில் மயங்குவேன், 90 சதவீதம்" என்று எழுதுங்கள். பொய்யாகிப் போகக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். பயத்தின் அளவை 0 முதல் 100 வரை தனியாகக் குறியுங்கள். ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவுகோல் அது, இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறோம்.

பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். ஜன்னலோர இருக்கை, கண் திறந்திருக்க வேண்டும், கையில் போன் கூடாது, பார்வை ஆற்றின் மேல். பாலம் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்புங்கள். மறுபடி ஏறுங்கள். ஒரு தடவை வெளியே போனால் குறைந்தது நான்கு முறை பாலத்தைக் கடக்க வேண்டும். காரணம், பாலத்தைக் கடக்க ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகிறது. பயம் ஏறி உச்சம் தொட்டு, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று மனம் கவனிப்பதற்குள் பாலம் முடிந்துவிடுகிறது. மொத்தத்தில் 45 நிமிடமாவது அந்தச் சூழலுக்குள் இருந்தால்தான் பாடம் ஏறும். வாரத்துக்கு நான்கைந்து நாள் செய்யுங்கள். வாரம் ஒரு முறை என்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது போலத்தான்.

அடுத்தது கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து. அவருடைய சட்டையைக் கசக்கிப் பிடிக்காமல், முதுகில் முகம் புதைக்காமல். அதன்பின் நடை: நடைமேடை இருக்கும் பாலமாகப் பார்த்து, நடுவில் 20 நிமிடம் நில்லுங்கள். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். நடைமேடை இல்லாத பாலத்தில் நடக்கவே வேண்டாம், அங்கே ஆபத்து லாரியால்தான்.

ஸ்கூட்டருக்கு வரும்போது முதலில் ஊருக்குள் இருக்கும் கெடிலம் ஆற்றுப் பாலம், ஞாயிறு காலை ஆறு மணி வாக்கில். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, எட்டுப் பத்து முறை. பிறகு தென்பெண்ணைப் பாலம், அதே ஞாயிறு காலை, கணவர் மறுகரையில் காத்திருக்கட்டும். அடுத்த வாரம் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். அதன்பின் வேலைநாள் காலை எட்டரை மணிக் கூட்டத்தில்.

பயிற்சியில் படியேறுவது போல்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை, கடினமானதும் எளியதும் கலந்து செய்தாலும் பலன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இது இரண்டு சக்கரத்தில், லாரி போகும் சாலையில் நடப்பது. இங்கே நான் வரிசையை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹெல்மெட், பிரேக், டயர் காற்று எல்லாம் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும். மாதக்கணக்கில் வண்டியைத் தொடவில்லை என்றால் இரண்டு நாள் தெருவுக்குள் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பாலத்தின் மேல் "வண்டி என் கையில் இல்லை" என்று தோன்றுவதற்கு உண்மையான காரணங்கள் சில உண்டு. பயத்தில் முழங்கையை இறுக்கி ஹாண்டிலை நெரித்துப் பிடித்தால் வண்டி தள்ளாடும். முழங்கை கொஞ்சம் மடங்கி, பிடி தளர்ந்து இருந்தால் தள்ளாட்டம் குறையும். பார்வை முன்சக்கரத்தின் மீதோ பக்கத் தடுப்பின் மீதோ இருந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இருபது முப்பது மீட்டர் முன்னால் பாருங்கள். பாலத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் "டக்" என்று ஒரு குலுக்கல் வரும். வெயிலில் பாலம் விரிவதற்காக விட்ட இணைப்பு அது. பெரிய வண்டி போகும்போது பாலம் லேசாக அதிரும், அதிரும்படிதான் கட்டியிருக்கிறார்கள். கடல் பக்கம் என்பதால் நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று வீசும், எடை குறைந்த ஸ்கூட்டரை அது சற்றுத் தள்ளும். அதனால்தான் காலை நேரம் சொன்னேன். பிற்பாடு காற்று நேரத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் அது கடைசியில்.

நடுப்பாலத்தில் படபடப்பு உச்சத்துக்குப் போனால்? நிற்காதீர்கள், திரும்பாதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். இடது ஓரமாக அதே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், பாலம் முடிந்து, சாலையை விட்டு இறங்கிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அங்கே வீட்டுக்கு போன் போடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு திரும்பவும் பாலத்தில் ஏறுங்கள். அன்றைக்கு முடியவே இல்லை என்றால், அன்றைக்கே பஸ்ஸில் இரண்டு முறையாவது கடந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். தோற்ற நாளைத் தோற்றபடியே முடிப்பதுதான் அடுத்த நாளைக் கெடுக்கும்.

ஓட்டும்போது "ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது" என்று முணுமுணுக்க வேண்டாம். அது தாயத்து மாதிரி ஆகி, அடுத்த முறை சொல்ல மறந்தால் பதறுவீர்கள். நடப்பதைச் சொல்லுங்கள்: "நெஞ்சு அடிக்குது, கை வேர்க்குது, முப்பதில் போறேன்." பையில் மாத்திரை, காதில் யாராவது பேசிக்கொண்டே வருவது, ஒரு குறிப்பிட்ட சுடிதார் என்று நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் துணைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். காதில் பேச்சு ஓடுவதை முதல் நாளே விடுங்கள், அது சாலைப் பாதுகாப்புக்கும் கேடு. சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதில் தவறே இல்லை. "இன்றைக்கு விபூதி பூசவில்லை, அதனால் போகமாட்டேன்" என்று சொல்லும் நாள் வந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒரு படி முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பயம் பூஜ்யம் ஆகும்வரை காத்திருக்காதீர்கள், பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "மயங்குவேன்" என்ற நம்பிக்கை 90-இலிருந்து 20-க்கு வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம், பயம் இன்னும் 40-இல் இருந்தாலும் சரி. பயத்தோடு ஓட்ட முடிகிறது என்பதே நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது. தென்பெண்ணை பழகியதும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம், மாலை நேரம், பின்னால் ஆள் உட்கார்ந்து, மழை ஓய்ந்த ஈரச் சாலை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கற்ற தைரியம் இடம் மாறினால் கைவிட்டுவிடும்.

ஆற்றில் வெள்ள எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் பாலத்துக்குப் போகாமல் இருப்பது விவேகம். அதை நோட்டில் பயக் கணக்கில் எழுத வேண்டாம். அதே போலத்தான் தேவனாம்பட்டினம் கடலும். நீச்சல் தெரியாமல் அலையில் இறங்குவதற்குப் பயப்படுவது சரியான பயம், அதை யாரும் போக்கக் கூடாது. கைப்பிடிச் சுவரில் உட்காருவதும் அப்படியே. உயரப் பயம் இருந்தால் சுவருக்கு உட்புறம் நின்று கீழே பார்த்தாலே பயிற்சி ஆகிவிடும்.

தெருநாயிடம் இனிப் போகாதீர்கள். நாய்ப் பயத்துக்குத் தெரிந்தவர் வீட்டில், தடுப்பூசி போட்ட, கட்டியிருக்கும், அமைதியான நாய்தான் சரி. பிஸ்கட் போட்ட அன்று கடித்தோ நகம் கீறியோ இருந்தால், சின்னக் கீறல்தானே என்று விட்டிருந்தால், இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்குங்கள். இனி எப்போது கடிபட்டாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். மற்ற பயங்களுக்கு உடம்பைத் தளர்த்தச் சொல்வார்கள், இதற்குத் தளர்த்தினால் இன்னும் சீக்கிரம் விழுவீர்கள். இங்கே தேவை முறுக்குதல். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறை. உட்கார்ந்து, கை, கால், வயிற்றுத் தசைகளை ஒன்றாக இறுக்குங்கள். முகம் சூடேறும்வரை, 10 முதல் 15 விநாடி. பிறகு விடுங்கள், ஆனால் தொய்ந்துவிடாமல், சாதாரண நிலைக்கு மட்டும். 20 முதல் 30 விநாடி இடைவெளி விட்டு மறுபடி. ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று, ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள், தலைவலி வரும். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

பரிசோதனை அன்று, போனவுடன் "எனக்கு மயக்கம் வரும், படுக்கவைத்து எடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம், கூச்சப்பட ஒன்றுமில்லை. அரை மணி முன்னதாக அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனைக்கும் வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், ஆய்வகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்தும் கையை மட்டும் தளர்வாக விட்டு, மற்றக் கையையும் கால்களையும் முறுக்குங்கள். கண் இருளுவது, காது அடைப்பது, வாயில் எச்சில் ஊறுவது தெரிந்தால் அதுதான் அழுத்தம் இறங்கும் அடையாளம், உடனே இறுக்குங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் படுத்திருங்கள். அன்றைக்கு வண்டியில் போகாதீர்கள், கணவரோடு போங்கள். இந்த ஒரு விஷயத்தில் துணை தேவைதான்.

தோழியின் மாத்திரை, பதற்றத்தைக் குறைக்கக் கொடுக்கும் அல்ப்ரசோலம் போன்ற வகையாக இருக்கலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாதது. தூக்கம் வரும், வண்டி ஓட்டினால் ஆபத்து. அது போக, மாத்திரை போட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்தால் கடந்த பெருமை மாத்திரைக்குப் போய்விடும், உங்களுக்கு வராது. மாத்திரை இல்லாத அடுத்த நாள் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். தோழி அதை தினமும் சாப்பிடுகிறவராக இருந்தால், இதைப் படித்துவிட்டு அவர் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், படிப்படியாகக் குறைக்க அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கணவரிடம் ஒரு வார்த்தை: "பயமா இருந்தா விடும்மா, நானே கொண்டுபோய் விடறேன்" என்று அவர் சொல்வது அன்பினால்தான், ஆனால் பயத்துக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. "பயமா இருக்கா?" என்று கேட்பதற்குப் பதிலாக "இன்னைக்கு எத்தனை தடவை கடந்த?" என்று கேட்கட்டும். எண்ணிக்கை குறைந்த நாளில் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் சதவீதம் இறங்கவில்லை என்றாலோ, பாலம் தவிர பஸ், கடைத்தெரு, தனியாக இருப்பது என்று பயம் பரவினாலோ நேரில் ஒருவரைப் பாருங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, புதுச்சேரி ஜிப்மர் மனநலத் துறை இரண்டும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள், முதல் சந்திப்பில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பயம் போய்ச் சில மாதம் கழித்து, நீண்ட விடுமுறைக்குப் பிறகோ காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகோ, பாலத்தில் மறுபடி ஒருநாள் நெஞ்சு அடிக்கும். அன்றைக்கு அலுவலகம் போவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, பாலத்தை நான்கு முறை கடந்துவிட்டுப் போங்கள்.